பழைய போட்டோவில் பேர் தெரியாத கார்: போனைக் கேட்பதா, நம்பர் பிளேட்டைப் படிப்பதா, கண்ணால் தேடுவதா?

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளுக்குப் போகிறவர்கள் கதவு, தூண், எனாமல் தூக்கு, பீங்கான் ஜாடி என்று தேடுவார்கள். நான் தேடுவது கடையின் உள்மூலையில் பிஸ்கட் டின்னிலும் ட்ரங்குப் பெட்டியிலும் கிடக்கிற உதிரிப் போட்டோக்களை. ஆல்பத்திலிருந்து பிரிந்து வந்தவை, யார் வீட்டுப் படம் என்று கடைக்காரருக்கே தெரியாதவை. அவற்றில் சிலதில் ஒரு கார் நிற்கும். அந்தக் காரிலும் பெரிய ப்யூக், டாட்ஜ் என்று இல்லாமல் தாழ்வாக, கூரையில்லாமல், இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய ஒரு ஸ்போர்ட்ஸ் கார் இருந்துவிட்டால் எனக்கு அன்றைக்கு வேறு வேலை ஓடாது.

இந்த ஆர்வத்தைப் பார்த்துவிட்டு தேவகோட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டார்: “அண்ணே, நானும் ஆரம்பிக்கணும். போன்ல தேடுற வழியா, நம்பர் பிளேட் வழியா, இல்ல புத்தகம் வாங்கி உக்காந்து படிக்கணுமா? எதுல முதல்ல இறங்குறது?” நியாயமான கேள்வி. போன், நம்பர் பிளேட், பெரியவர்கள், சொந்தக் கண் என்று நான்கு வழியிலும் போய்ப் பார்த்தவன் என்பதால், ஒரே படத்தை வைத்தே நான்கையும் ஒப்பிட்டுச் சொல்கிறேன்.

படம் இதுதான். ஓரம் பல் பல்லாக வெட்டிய சின்னக் கறுப்பு வெள்ளைப் படம். ஒரு டூ சீட்டர், பின்பக்கத்திலிருந்து சாய்வாக எடுத்தது. பின் மட்கார்டில் கை வைத்துக்கொண்டு வேட்டியும் கோட்டும் அணிந்த ஓர் இளைஞர். பின்னால் ஒரு கடைத்தெரு மங்கலாகத் தெரிகிறது. நம்பர் பிளேட்டில் ‘பி’ (P) என்ற ஒற்றை ஆங்கில எழுத்து, அதையடுத்து நான்கு எண்கள். போட்டோவின் பின்பக்கம் ஒன்றுமே எழுதவில்லை.

எல்லோரும் முதலில் செய்வது போனில் கேட்பதுதான். படத்தைக் காட்டினால் இரண்டு நொடியில் ஒரு பேர் வரும். பிரபலமான கார் என்றால் அது சரியாகவும் இருக்கும். மோரிஸ் மைனர், ஜாகுவார் எக்ஸ்கே 120, போர்ஷே 356 போன்றவற்றுக்கு மண்டையை உடைத்துக்கொள்ளத் தேவையே இல்லை, போன் சொன்னதை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் போன் செய்வது உங்கள் படத்தைப் போலவே இருக்கிற வேறு படங்களைத் தேடிக் கொண்டுவருவது. முப்பது நாற்பது மட்டுமே செய்யப்பட்ட ஒரு காருக்கு இணையத்தில் எத்தனை படம் இருக்கும்? அதனால் அதே சாடையில் இருக்கிற புகழ்பெற்ற வேறொரு காரின் பேரைச் சொல்லிவிடும். ஏசி (AC) என்ற ஆங்கிலக் கம்பெனியின் 1953-ல் வந்த ஏஸ் காரைக் காட்டினால் கோப்ரா என்கிறது, ஏனென்றால் 1962-ல் அந்த ஏஸ் உடம்பிலிருந்துதான் கோப்ரா பிறந்தது, உலகத்துக்குத் தெரிந்தது கோப்ராதான். 1950களின் சின்ன இத்தாலியக் கார்களை, சியாட்டா, மொரெட்டி, ஸ்டாங்குவெல்லினி எதைக் காட்டினாலும் ஃபெராரி என்று பலமுறை சொல்லியிருக்கிறது.

என் படத்துக்கு அது சொன்ன பேர் எம்ஜி (MG), ஆங்கிலேய ஸ்போர்ட்ஸ் கார் கம்பெனி. இதற்குக் காரணம் உண்டு. 1932-ல் எம்ஜி ஜே2 என்று ஒரு மாடல் வந்தது. முழங்கை வெளியே நீட்ட வசதியாகத் தாழ வெட்டிய கதவு, கண்ணாடிக்கு முன்னால் இரண்டு மேடு, பின்னால் பெட்டி போல நிமிர்ந்து நிற்கும் பெட்ரோல் டேங்க், அதன்மேல் ஸ்டெப்னி. இந்த உருவம் ஆங்கிலேயர்களுக்கு அவ்வளவு பிடித்துப்போய், அடுத்த இருபது வருடம் பல கம்பெனிகள் இதே சாடையில் கார் செய்தன. எம்ஜியே 1955 வரை டிஎஃப் மாடலில் இதை விடவில்லை. ஆக, இந்தச் சாடையில் எது வந்தாலும் போனுக்கு எம்ஜிதான்.

போன் தப்பாகச் சொல்வதுகூட எனக்குப் பெரிய குறை கிடையாது. அந்தப் பேர் காதில் விழுந்த பிறகு நம் கண் வேலை செய்வதில்லை, அதுதான் குறை. எம்ஜி என்று கேட்ட பிறகு நான் இரண்டு வாரம் அந்தப் படத்தில் எம்ஜியை மட்டுமே பார்த்தேன். ஜே2வா, பி டைப்பா, டிஏவா என்று எம்ஜிக்குள்ளேயே தேடிக்கொண்டிருந்தேன். படத்தில் பட்டவர்த்தனமாக ஒரு விஷயம் இருந்தும் அது கண்ணில் படவில்லை. அதற்கு அப்புறம் வருகிறேன்.

நம்பர் பிளேட் வழி எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் அதில் ஊரும் காலமும் ஒளிந்திருக்கின்றன. பிரிட்டனில் 1904-லிருந்து கட்டாயமாக எண் கொடுத்தார்கள், ஒவ்வொரு கவுன்டிக்கும் (நம் மாவட்டம் மாதிரி) பெரிய ஊருக்கும் தனித்தனி எழுத்து. முதலில் ஓரெழுத்தோ ஈரெழுத்தோ, பின்பு அவை தீர்ந்துபோன ஊர்களில் 1932 முதல் மூன்றெழுத்து. மூன்றெழுத்தில் கடைசி இரண்டுதான் ஊரைச் சொல்லும். மிடில்செக்ஸ் கவுன்டிக்கு வந்த எழுத்துகளில் ஒன்று ‘எம்ஜி’. லண்டனில் எம்ஜி விற்ற யுனிவர்சிட்டி மோட்டார்ஸ் தன் கார்களுக்கு அந்த எழுத்தையே வாங்கிப் பூட்டியது, அதனால் அப்படி ஒரு பிளேட்டைப் பார்த்தால் மனசு கொஞ்சம் எம்ஜி பக்கம் சாயலாம். இத்தாலியில் 1927 முதல் மாகாண எழுத்து, மிலானுக்கு எம்ஐ, டூரினுக்கு டிஓ, ரோமுக்கு மட்டும் ஊர்ப்பேர் முழுதாக. பிரான்சில் 1950-க்குப் பிறகு கடைசி இரண்டு எண் மாவட்டத்தைச் சொல்லும், 75 என்றால் பாரிஸ்.

பிளேட்டால் இன்னொரு உபகாரமும் உண்டு. பழைய நெகட்டிவ்வைத் திருப்பிப் போட்டு அச்சடித்த படங்கள் ஏராளம். எழுத்து கண்ணாடியில் பார்ப்பதுபோல் இருந்தால் உடனே தெரிந்துவிடும். பிளேட் தெரியவில்லை என்றால் கோட்டுப் பையைப் பாருங்கள், மார்புப்பை வலது பக்கம் இருந்தால் படம் திரும்பியிருக்கிறது. இது ஏன் முக்கியமென்றால், 1945 முதல் 1949 வரை வந்த எம்ஜி டிசி வலப்பக்க ஸ்டியரிங்கில் மட்டுமே செய்யப்பட்டது. இடப்பக்க ஸ்டியரிங்கோடு ஒரு டிசி நிற்கிறது என்றால் ஒன்று படம் திரும்பியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் யாரோ பின்னாளில் மாற்றியிருக்க வேண்டும்.

ஆனால் பிளேட் காரின் பேரைச் சொல்லாது. சிலசமயம் ஊரையும் குழப்பும். என் படத்து ‘பி’யைப் பார்த்ததும் பிரிட்டிஷ் எண் பட்டியலைத் தேடினேன், ‘பி’ என்றால் சர்ரே கவுன்டி என்று வந்தது. வேட்டி கட்டிய இளைஞர் சர்ரேயில் எப்படி என்று யோசித்தபோதுதான் இன்னொன்று நினைவுக்கு வந்தது. மலாயா பக்கத்தில் ‘பி’ என்றால் பினாங்கு, ‘எஸ்’ என்றால் சிங்கப்பூர், ‘எம்’ என்றால் மலாக்கா. பிரிட்டனில் அதே ‘எஸ்’ எடின்பரோ, அதே ‘எம்’ செஷயர். ஒரே எழுத்து, இரண்டு கடல் தள்ளி இரண்டு ஊர். செட்டிநாட்டுப் பெட்டியிலிருந்து வந்த படத்தில் இந்த மூன்று எழுத்துகளில் ஒன்று இருந்தால் முதலில் மலாயாவை நினைப்பதே சரி, நகரத்தார் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போன ஊர்கள் அவைதான். ஆனாலும் இங்கிலாந்துக்குப் படிக்கப் போனவர்களும் உண்டு, அதனால் பிளேட்டை மட்டும் வைத்து முடிவு செய்ய எனக்கு மனசு வரவில்லை.

இங்கேதான் மூன்றாவது வழி, பெரியவர்களைக் கேட்பது. பள்ளத்தூரில் எனக்குத் தெரிந்த ஓர் ஆச்சி இருக்கிறார், கல்யாணமான புதிதில் மூன்று வருடம் பினாங்கில் இருந்தவர். வளவில், அதாவது வீட்டு உள்முற்றத்தில், உட்கார்ந்து படத்தை வெளிச்சத்துக்கு நீட்டிப் பார்த்தார். காரைப் பற்றிக் கேட்டால் “டூ சீட்டர்” என்றார், அவ்வளவுதான். அவருடைய வீட்டில் அந்தக் காலத்தில் சின்னதாக இருந்த எல்லாமே ‘பேபி ஆஸ்டின்’, கூரையில்லாத எல்லாமே ‘டூ சீட்டர்’. கார் பேர் விஷயத்தில் பெரியவர்கள் ஞாபகத்தை நம்பி முடிவெடுக்க வேண்டாம் என்று பல அனுபவத்தில் சொல்கிறேன், பழைய மெக்கானிக்குகளையும் சேர்த்தே. கையால் இன்ஜினைப் பிரித்தவர்கள் அந்த இன்ஜினைப் பற்றிச் சொல்வது தங்கம், ஆனால் போட்டோவைக் காட்டினால் தாங்கள் ரிப்பேர் பார்த்த ஏதோ ஒரு காரின் பேர்தான் வரும்.

ஆனால் ஆச்சி காரைத் தாண்டிப் பின்னால் பார்த்தார். “தம்பி, இது அஞ்சடியாச்சே!” என்றார். நான் மங்கல் என்று விட்டுவிட்ட கடைத்தெரு அவருக்குத் துல்லியமாகத் தெரிந்தது. கடைகளுக்கு முன்னால் தூண் வரிசை, அதற்குள் ஐந்தடி அகலத்தில் தொடர்ச்சியாகப் போகும் நடைபாதை, மேலே மாடி. மலாயா ஊர்களில் அதை அஞ்சடி என்பார்கள். சர்ரே அந்த நிமிடமே போய்விட்டது, பினாங்கு நின்றது. இதை எந்த போனும் எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லியிருக்காது. இடம், துணிமணி, யார் வீட்டு முகப்பு, எந்தச் சடங்குக்கு எடுத்த படம், இதற்கெல்லாம் பெரியவர்களை விட்டால் ஆள் கிடையாது, அதுவும் சீக்கிரமாகக் கேட்க வேண்டும்.

நான்காவது வழிதான் நான் இப்போது எல்லாப் படத்துக்கும் முதலில் வைத்துக்கொள்வது. பேரே தேடாமல், போனைத் தள்ளி வைத்துவிட்டு, ஒரு சாயங்காலம் முழுக்க லென்ஸும் பென்சிலுமாக உட்கார்ந்து காரில் கண்ணுக்குத் தெரிவதை எல்லாம் வார்த்தையில் எழுதுவது. நகைக்கடையில் கல் பார்க்கிற பத்து மடங்கு லென்ஸ் போதும். “அழகான பழைய கார்” என்று எழுதக் கூடாது. கதவின் கீல் முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா, ஹெட்லைட் மட்கார்டின்மேல் நிற்கிறதா ரேடியேட்டரை ஒட்டி நிற்கிறதா, பானெட்டின் பக்கவாட்டில் காற்றுக்கு வெட்டிய பிளவுகள் செங்குத்தா சாய்வா, எத்தனை என்று எழுத வேண்டும்.

வீலில் அதிக நேரம் செலவழியுங்கள். கம்பி வீலின் நடுவில் காது வைத்த ஒரே பெரிய நட்டா, இல்லை சுற்றிலும் சின்ன போல்ட்டுகளா? ஆஸ்டின் செவனுக்கு மூன்று போல்ட். உடம்பு எவ்வளவு பகட்டாக இருந்தாலும் கம்பி வீலில் மூன்று போல்ட் தெரிந்தால் அடியில் ஆஸ்டின் செவன் இருக்குமோ என்று நினைக்கலாம். 1922-லிருந்து 1939 வரை லட்சக்கணக்கில் வந்த வண்டி அது, அதன் சேஸிஸ்மேல் தங்கள் இஷ்டப்படி உடம்பு கட்டிக்கொண்டவர்கள் கணக்கில் அடங்க மாட்டார்கள்.

பக்கவாட்டில் நேராக எடுத்த படம் கிடைத்தால் ஸ்கேலை எடுங்கள். முன் வீல் நடுவிலிருந்து பின் வீல் நடு வரை அளந்து, டயரின் உயரத்தால் வகுத்துப் பாருங்கள். எம்ஜி டிசிக்கும் அதற்கு அடுத்து 1950-ல் வந்த டிடிக்கும் இந்த நீளம் ஒன்றேதான், 94 அங்குலம். ஆனால் டிசிக்கு 19 அங்குல கம்பி வீல், டிடிக்கு 15 அங்குல தகட்டு வீல். அதனால் டிசிக்குக் கணக்கு மூன்றேகால், மூன்றரைக்கு நடுவில் நிற்கும், டிடிக்கு மூன்றரையைத் தாண்டும். பேட்ஜே தெரியாத படத்தில்கூட இந்த இரண்டையும் பிரித்துவிடலாம். சாய்வாக எடுத்த படத்தில் இதைச் செய்ய வேண்டாம், கணக்கு பொய் சொல்லும்.

சில கார்களில் ஒரே ஒரு அடையாளம் எல்லா வேலையையும் முடித்துவிடும். ஹீலி சில்வர்ஸ்டோன் என்று 1949, 50-ல் மொத்தம் 105 மட்டும் வந்தது. ஹெட்லைட் இரண்டும் முன் கிரில்லுக்குள் ஒளிந்திருக்கும், ஸ்டெப்னி பின்பக்கம் ஒரு பிளவுக்குள் படுத்துக்கொண்டு பாதி வெளியே நீட்டிப் பம்பர் வேலை பார்க்கும். ஒரு தடவை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

என் படத்துக்கு வருகிறேன். அந்த ஆச்சி வீட்டிலிருந்து வந்த ராத்திரி, எம்ஜியை மறந்துவிட்டு முதலிலிருந்து எழுத ஆரம்பித்தேன். தாழ வெட்டிய கதவு. நடு நட்டு உள்ள கம்பி வீல். நிமிர்ந்த பெட்ரோல் டேங்க். அதன்மேல் ஸ்டெப்னி. அந்த வார்த்தையை எழுதும்போதுதான் லென்ஸ் வழியே பார்த்தேன், ஒரு டயருக்குப் பின்னால் இன்னொரு டயரின் விளிம்பு. ஒன்றை ஒட்டி ஒன்றாக இரண்டு ஸ்டெப்னி! இரண்டு வாரமாக என் மேசையில் இருந்த படம் அது. நான் பார்த்த ஜே2 படங்களில் எல்லாம் பின்னால் ஒன்றுதான். (ஸ்டெப்னி என்ற வார்த்தையே ஒரு தெருப் பேர். வேல்ஸ் நாட்டில் லானெல்லி என்ற ஊரில் ஸ்டெப்னி தெருவில் 1904-ல் உபரிச் சக்கரம் செய்ய ஆரம்பித்தார்கள், அந்தப் பேர் நம் ஊர் டயர் கடை வரை வந்து நிலைத்துவிட்டது.)

இரண்டு ஸ்டெப்னி, 1930கள், சின்ன ஆங்கில டூ சீட்டர் என்று தேடியபோது வந்து நின்ற பேர் சிங்கர் நைன் லே மான். தையல் மெஷின் சிங்கர் வேறு, இது கவென்ட்ரியில் இருந்த கார் கம்பெனி. 1933-ல் பிரான்சின் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தில் இவர்களுடைய சின்னக் கார் ஓடியது, அதையொட்டி இந்த மாடலுக்கு அந்தப் பேர். 972 சிசி இன்ஜின், அந்தச் சின்ன இன்ஜினுக்கு மேலே கேம்ஷாஃப்ட், பின்னால் டேங்கும் அதில் இரட்டை ஸ்டெப்னியும். 1935-ல் வட அயர்லாந்தில் ஆர்ட்ஸ் பந்தயத்தில் கம்பெனியின் சொந்தக் கார்களே ஸ்டியரிங் கோளாறால் ஒரே வளைவில் அடுத்தடுத்து மோதின, அந்தப் பேர் மெதுவாக மங்கியது, எம்ஜி மட்டும் ஜனங்கள் ஞாபகத்தில் தங்கியது. போன் எம்ஜி என்று சொன்னதற்கு இந்த மறதியும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். கதவு வெட்டு, டேங்க் உருவம், மட்கார்டு இறங்கும் வளைவு மூன்றையும் வேறு படங்களோடு வைத்துப் பார்த்தேன், பொருந்தியது.

சரி, அப்படியானால் அந்தத் தம்பிக்கு என்ன சொல்வது? குடும்பப் படம் என்றால் முதலில் கண், அடுத்து பெரியவர்கள், அதன்பிறகு பிளேட், கடைசியாக போன். போனைக் கடைசியில் வைத்தால் அது உண்மையிலேயே உதவும், ஏனென்றால் அப்போது கையில் இரண்டு மூன்று பேர் இருக்கும், ஒவ்வொன்றின் படத்தையும் வரவழைத்து ஒத்துப்பார்க்க அதைவிட நல்ல கருவி இல்லை. பழைய பத்திரிகையிலிருந்து வெட்டிய விளம்பரப் படம் என்றால் தலைகீழ், போனே முதலில், ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் அதில் எனக்கு ருசி இல்லை.

பந்தயப் படம் என்றால் வேறு கணக்கு. காரின் பக்கத்தில் எழுதிய எண்ணும் எந்தப் பந்தயம் என்பதும் தெரிந்தால் யார் ஓட்டினார்கள், என்ன கார் என்று பட்டியலிலேயே இருக்கும். இத்தாலியின் மில்லே மிலியா சாலைப் பந்தயத்தில் 1949-லிருந்து எண்ணே கிளம்பிய நேரம். 1955-ல் ஸ்டிர்லிங் மோஸ் ஓட்ட, ஜென்கின்சன் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொன்ன மெர்சிடிஸ் எண் 722, காலை ஏழு இருபத்திரண்டுக்குக் கிளம்பியது. சின்ன கார்கள் முந்தின ராத்திரியே கிளம்பும், பெரியவை விடிந்தபின். அதனால் எண்ணைப் பார்த்தாலே சின்ன இன்ஜினா பெரிய இன்ஜினா என்று கொஞ்சம் ஊகிக்கலாம். சென்னைக்குப் பக்கத்தில் சோழவரம் விமான ஓடுதளத்தில் எடுத்த பந்தயப் படங்கள் நம் பக்கத்தில் கிடைக்கும், அவை மிகக் கஷ்டமானவை. வீட்டு ஷெட்டில் தாங்களே தட்டி வளைத்துக் கட்டிய கார்கள் அங்கே நிறைய ஓடின, அவற்றுக்குக் கம்பெனிப் பேரே கிடையாது. அங்கே வீலையும் ஆக்சிலையும் பார்த்து அடியில் எந்தச் சேஸிஸ் என்று கண்டுபிடித்தால் போதும், அத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

புத்தகத்துக்கு ஆரம்பத்திலேயே பணம் போட வேண்டாம். அந்தப் பணத்தில் ஒருநாள் கோயம்புத்தூர் ஜீடி கார் மியூசியத்துக்குப் போய்வாருங்கள். போட்டோவில் பார்த்த ஒரு மட்கார்டு வளைவை நிஜத்தில் சுற்றிவந்து பார்த்தால்தான் அது தட்டையா குண்டா என்று கண்ணுக்குப் பிடிபடும்.

ஸ்கேன் விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். ஒரு ஜெராக்ஸ் கடையில் கொடுத்தேன், ஓரத்தை வெட்டிவிட்டு, குறைந்த தரத்தில் எடுத்துக் கொடுத்துவிட்டார்கள், அந்த வெட்டுப்பட்ட ஓரத்தில்தான் அஞ்சடியின் பாதித் தூண் இருந்தது. நல்லவேளை, அசல் என்னிடம் இருந்தது. 600 டிபிஐக்குக் குறையாமல், ஓரமும் பின்பக்கமும் சேர்த்து எடுக்கச் சொல்லி, பக்கத்திலேயே நில்லுங்கள். போனில் எடுப்பதானால் பிளாஷ் போடாமல் முற்றத்து வெளிச்சத்தில் எடுங்கள்.

படத்தின் பின்பக்கம் பேனாவால் எழுதவே கூடாது, மை முன்பக்கம் ஊறும். மெல்லிய பென்சிலில், அழுத்தாமல் எழுதியிருக்கிறேன்: சிங்கர் நைன் லே மான், பினாங்கு, அஞ்சடி சொன்னது பள்ளத்தூர் ஆச்சி. வருடத்துக்கும் இளைஞர் பேருக்கும் இரண்டு வரி காலியாக விட்டிருக்கிறேன். வருகிற வாரம் கானாடுகாத்தானில் ஒரு வீட்டில் காட்டப் போகிறேன்.